வீணையைத் தொடவே தோன்றாத நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் வீட்டிலேயே வீணை சொல்லிக்கொடுக்கிறேன். எட்டு வயதுப் பெண்ணும் வருகிறாள், பணி ஓய்வு பெற்ற வங்கிக்காரரும் வருகிறார். ராகம், தாளம் பற்றிக் கேட்பதைவிட இவர்கள் எல்லோரும் அதிகம் கேட்பது இதைத்தான்: "உட்காரவே மனசு வரமாட்டேங்குது, என்ன பண்றது?" வாட்ஸாப்பில் அதே பதிலைத் தட்டித் தட்டிக் கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். எனக்குத் தெரிந்த வீணையை வைத்துத்தான் சொல்கிறேன். வயலின்காரர்களும் மிருதங்கக்காரர்களும் தங்களுக்கு ஆகிறதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு மாதமாக வீணை உறையைவிட்டு வெளியே வரவில்லை. நான் சோம்பேறி ஆகிவிட்டேனா?

இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைக் கடைசியில் எடுங்கள். சோம்பேறி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டவர் அதற்கு மேல் எதையும் தேடமாட்டார். நான் பார்த்தவரை சாதகம், அதாவது வீட்டுப் பயிற்சி, நின்றுபோனதற்கான காரணம் பெரும்பாலும் நாலு இடத்தில் ஒன்றில் கிடைத்துவிடும்: வீணையில், விரலில், பாடத்தில், காதில்.

ஒரு மே மாதத்தில் என் மாணவி ஒருத்தி மூன்று வாரம் வகுப்புக்கு வரவில்லை. கேட்டால், "எனக்கு வராது மேடம், விட்டுடறேன்." அவள் வீட்டுக்கே போனேன். வீணையை மேற்குப் பார்த்த ஜன்னலை ஒட்டிச் சாய்த்துவைத்திருந்தாள். திருச்சி வெயில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். மெட்டுகளை (விரல் வைத்து அழுத்தும் உலோகப் பட்டைகளை) பிடித்திருக்கும் மெழுகு இளகி, மேல் ஸ்தாயிப் பக்கம் மூன்று மெட்டுகள் கொஞ்சம் சாய்ந்திருந்தன. பஞ்சமத்தைத் தாண்டினாலே அபசுரம். தன் கைதான் கெட்டுப்போய்விட்டது என்று அந்தப் பெண் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்! மேளம் கட்டுபவரை, அதாவது மெட்டுகளைச் சுருதிக்குப் பதித்துத் தருபவரை, வரவழைத்துச் சரி செய்த வாரமே அவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். நான் புத்திமதி எதுவும் சொல்லவில்லை.

சரி, வீணையில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் சுருதி சேருங்கள். பிறகு சாரணியை (நாம் அதிகம் வாசிக்கும் முதல் தந்தியை) 12-ஆம் மெட்டில் மீட்டுங்கள். திறந்த தந்தியின் ஸட்ஜத்துக்கு (ஸ) அது சரியாக மேல் ஸட்ஜமாக இருக்க வேண்டும். அடுத்து, சாரணிக்குப் பக்கத்தில் இருக்கும் பஞ்சமத் தந்தியை 5-ஆம் மெட்டில் மீட்டினால் திறந்த சாரணியின் ஸட்ஜமே வர வேண்டும். இரண்டில் ஒன்று இடறினாலும் மேளம் பார்க்க ஆள் தேவை. மொத்தம் 24 மெட்டுகள், எல்லாம் மெழுகில் பதிந்து நிற்பவை. சூட்டுக்கும் காலத்துக்கும் நகரத்தான் செய்யும்.

தந்தியின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் துரு. துருவேறிய தந்தியில் கமகம் (சுரத்தின் அசைவு) இழுப்பது தண்டனை, மாற்றிவிடுங்கள். பக்கவாட்டில் தாளத்துக்காக மீட்டும் தாளத் தந்திகளை யாரும் கவனிப்பதில்லை, அவற்றையும் பாருங்கள். மூன்றும் சுருதி விலகிக் கிடந்தால், சுண்டுவிரல் ஒவ்வொரு முறை படும்போதும் உங்களுக்கே தெரியாமல் ஒரு எரிச்சல் ஏறிக்கொண்டிருக்கும். பிரடை (தந்தியை முறுக்கும் திருகு) வழுக்கினால் கொஞ்சம் சாக்பீஸ் தூள் போதும்.

இன்னொன்று, வீணை எங்கே இருக்கிறது? பீரோவுக்கு மேல், உறைக்குள், அந்த உறைக்கு மேல் ஒரு பழைய போர்வை என்றால் எடுக்கவே பத்து நிமிஷம் ஆகும். கூடத்து மூலையில், வெயில் படாத இடத்தில், ஒரு ஜமுக்காளத்தின் மேல் மெல்லிய துணி போர்த்தி வையுங்கள். போகிற வருகிற போது கண்ணில் பட வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இது நடக்காது, தெரியும்.

சரளி, ஜண்டை என்று ஒரு வருஷமாக அதே ஆரம்பப் பாட வரிசைகள். சலித்துவிட்டது.

சலிக்கத்தான் செய்யும். இந்தப் பாட வரிசையைப் புரந்தரதாசர் (1484–1564) வகுத்ததாகத்தான் நம் மரபு சொல்கிறது. ஐந்நூறு வருஷமாக எல்லோருக்கும் சலித்திருக்கிறது, நீங்கள் முதல் ஆள் இல்லை.

ஆனால் சலிப்பில் இரண்டு வகை உண்டு. பாடம் கைக்கு வந்துவிட்டது, மூன்று காலத்திலும் (வேகத்திலும்) இடறாமல் ஓடுகிறது, ஆனாலும் அடுத்ததுக்குப் போகவிடவில்லை. இது முதல் வகை. ஆசிரியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், தப்பில்லை. இரண்டாவது வகைதான் அதிகம். பாடம் வரவில்லை, எந்த இடத்தில் வரவில்லை என்றும் தெரியவில்லை, அதனால் முதலிலிருந்து கடைசிவரை முப்பது தடவை வாசிக்கிறார்கள். முப்பது தடவையும் அதே இடத்தில் விழுகிறார்கள். அதையும் சலிப்பு என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த வரிசைகளை வாசிக்கும் ராகமான மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்ளுங்கள். சாரணியில் ரி முதல் மெட்டு, க நாலாவது மெட்டு. தண்டியின் அந்தப் பக்கத்தில் மெட்டுகளுக்கு நடுவே இடைவெளியும் அதிகம். ஜண்டையில் "ஸஸ ரிரி கக மம" என்று இரண்டாம் காலத்தில் போகும்போது, பத்தில் எட்டுப் பேர் அந்த ரியிலிருந்து கவுக்குத் தாவும் இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். "தநி" இடத்திலும் அதே மூன்று மெட்டுத் தாவல்தான், ஆனால் அங்கே இடைவெளி குறுகிவிடுவதால் கை சமாளித்துவிடும். ஆக உங்கள் பிரச்சினை ஜண்டை வரிசை முழுவதும் இல்லை, "ரிரி கக" என்ற நாலே எழுத்து. அதை மட்டும் முதல் காலத்தில் இருபது தடவை வாசித்துவிட்டு எழுந்துவிடுங்கள். மறுநாள் பாருங்கள்.

வேறு சுவை வேண்டுமென்றால் அதே வரிசையை ராகம் மாற்றி வாசிக்கலாம். மாயாமாளவகௌளையில் ரியை 2-ஆம் மெட்டுக்கும் தவை 9-ஆம் மெட்டுக்கும் ஏற்றினால் சங்கராபரணம். அதில் மவை மட்டும் 6-ஆம் மெட்டுக்குத் தள்ளினால் கல்யாணி. விரல் பாதை மாறுவதால் தூங்கிக்கொண்டிருந்த மூளை விழித்துக்கொள்ளும். என் வங்கிக்காரர் கல்யாணியில் சரளி வாசித்த அன்று, "இத்தனை நாள் இதை ஏன் சொல்லலை?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார்.

ஆறு மாதத்துக்கு முன் நன்றாக வாசித்ததாகத் தோன்றியது. இப்போது எதை வாசித்தாலும் மோசமாகக் கேட்கிறது. பின்னால் போகிறேனா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். நிறையப் பேர் வீணையை விடுவதும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் பின்னால் போகவில்லை, உங்கள் காது முன்னால் போய்விட்டது. காதும் கையும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. கச்சேரி கேட்கிறீர்கள், வகுப்பில் ஆசிரியர் வாசிப்பதைக் கேட்கிறீர்கள், காது கூர்மையாகிக்கொண்டே இருக்கிறது. கை பின்னாலேயே நடந்துவருகிறது. முன்பு கேட்காத தவறுகள் இப்போது காதில் விழுகின்றன. தவறுகள் அப்போதும் இருந்தன, உங்களுக்குத்தான் தெரியவில்லை.

தோடி ராகத்தின் காந்தாரத்தை (க) உதாரணமாகச் சொல்கிறேன். ஆரம்பத்தில் அதை அதற்குரிய மெட்டில் விரலை வைத்து நேராக வாசிப்போம், சுருதியும் சரியாக இருக்கும், திருப்தியாகவும் இருக்கும். பிறகு ஒரு நாள் நல்ல தோடி ஒன்றைக் கேட்டுவிட்டு வருகிறோம். அன்றைக்கு வீணையை எடுத்தால் அந்த நேர்க் காந்தாரம் ஏதோ பள்ளிக்கூட மணி மாதிரி கேட்கிறது. கீழ் மெட்டிலிருந்து தந்தியை இழுத்து அசைத்தால்தான் அது தோடி காந்தாரம். எவ்வளவு இழுப்பது, எங்கே விடுவது என்பது விரலுக்கு இன்னும் தெரியவில்லை. இழுத்தால் தாண்டிப்போகிறது, விட்டால் விழுந்துவிடுகிறது. எனக்கு இது பதினாறு வயதில் நடந்தது. இரண்டு வாரம் அழுதேன். அப்போதைய ஆசிரியர், பெயர் வேண்டாம், "உனக்கு ஞானம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஞானம் வர ஆரம்பித்ததால்தான் அழுதேன் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

செய்ய வேண்டியது என்ன? வீணையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பிடியை (ராகத்தின் அந்தச் சின்னத் துண்டை) முதலில் வாயால் பாடுங்கள். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. வாயில் வராதது விரலில் வராது. பாட வந்த பிறகு அந்த ஒரு பிடியை மட்டும், நாலு அட்சரம் போதும், மெதுவாக வாசியுங்கள். கைப்பேசியில் இரண்டு நிமிஷம் பதிவு செய்துவையுங்கள், ஆனால் அன்றைக்கே கேட்காதீர்கள். பதினைந்து நாள் கழித்து, புதிதாக ஒன்றைப் பதிவு செய்த பிறகு இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு முடி வளர்வது தெரிவதில்லை, இதுவும் அப்படித்தான்.

பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால்தான் தேற முடியும் என்கிறார்களே. கேட்டாலே மலைப்பாக இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தினமும் அரை மணி என்றால் வருஷத்துக்கு 182 மணி நேரம் சொச்சம். பத்தாயிரம் ஆக ஏறக்குறைய 55 வருஷம். நாற்பது வயதில் தொடங்கியவருக்கு 95 வயதில் அரங்கேற்றம்!

இந்த எண் வந்த கதை வேறு. ஆன்டர்ஸ் எரிக்ஸனும் உடனிருந்த ஆய்வாளர்களும் பெர்லின் இசைக்கல்விக்கூடத்து வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள். அது சராசரிதான், அதுவும் உலகத் தரத்து மேடைக்குத் தயாராகிறவர்களின் சராசரி. வர்ணம் என்கிற உருப்படியை (பாடலை) வாசிக்க அது தேவை என்று யாரும் சொல்லவில்லை. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை: அந்தச் சிறந்த மாணவர்கள் இடைவேளை விட்டு விட்டுத்தான் பயிற்சி செய்தார்கள், மதியம் தூங்கவும் செய்தார்கள்.

அப்படியானால் ஒரு நாளைக்கு எவ்வளவு?

வேலைக்குப் போகிறவருக்கு 20 நிமிஷம், வாரத்தில் ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வாரக் கடனை அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிட இது மேல். மனப்பாடத்தைப் பல நாளாகப் பிரித்துச் செய்தால் நன்றாக நிற்கும் என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இலேயே எழுதிவிட்டார். விரலுக்கும் அப்படித்தான். இன்றைக்கு மல்லுக்கட்டியும் வராதது, ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் பாதி தானாக வந்திருக்கும்.

உட்காரவே முடியாத நாட்களுக்கு என்னிடம் ஒரு தந்திரம் உண்டு. "இன்றைக்குச் சாதகம் கிடையாது, சுருதி மட்டும் சேர்க்கப்போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு உட்காருங்கள். ஏழு தந்தியையும் சுருதிப் பெட்டியோடு சேர்த்துவிட்டு நிஜமாகவே எழுந்துபோகலாம். பாதி நாள் எழுந்துபோக மாட்டீர்கள். எழுந்துபோனாலும் நஷ்டமில்லை, நாளைக்கு வீணை சுருதியோடு இருக்கும்.

ஆபீஸிலிருந்து வரவே ராத்திரி ஒன்பதாகிவிடுகிறது. அடுக்ககத்தில் அந்த நேரத்தில் வாசிக்கலாமா?

வீணையின் சத்தம் பக்கத்து அறைக்கே சரியாகக் கேட்காது. தாராளமாக வாசியுங்கள். மிருதங்கம் என்றால் இந்தப் பதில் வேறு.

விரல் வலிக்கிறது. அந்தப் பயத்திலேயே தள்ளிப்போடுகிறேன்.

இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி பதிந்து கோடு விழும். முதல் சில மாதம் எரியும், பிறகு காய்ப்பு விழுந்துவிடும். காய்ப்பு ஏற வேண்டுமானால் தினமும் கொஞ்சம் வாசிக்க வேண்டும். பத்து நாள் விட்டுவிட்டு ஒரே நாளில் ஒரு மணி நேரம் இழுத்தால் தோல் பிய்ந்துவிடும். தேங்காயெண்ணெயில் நனைத்த துணியை ஒரு சின்ன மூடியில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிக்கடி விரலைத் தொட்டுக்கொள்ளுங்கள். என் மூடி பழைய சந்தனப் பேழையின் மூடி, அம்மா கொடுத்தது. இன்றைக்கும் அந்த எண்ணெய் வாசம் வந்தால்தான் எனக்கு வாசிப்பது மாதிரி இருக்கும்.

தோல் எரிச்சல் வேறு, உள்வலி வேறு. மணிக்கட்டு, முழங்கை, தோள்பட்டை வலித்தாலோ விரல் மரத்துப்போனாலோ அன்றைக்கு நிறுத்துங்கள். உட்காரும் விதத்தை ஆசிரியரிடம் காட்டுங்கள். சரியாகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பதில் பெருமை ஒன்றுமில்லை.

என் மகள் வகுப்புக்குப் போகிறாள், வீட்டில் மட்டும் வீணையைத் தொடமாட்டேன் என்கிறாள். கட்டாயப்படுத்தலாமா?

"போய் சாதகம் பண்ணு" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பதோடு பெரும்பாலான அம்மா அப்பாக்களின் பங்கு முடிந்துவிடுகிறது. குழந்தைக்கு அது தனி அறைத் தண்டனை. பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுங்கள். உங்களுக்கு ஆதி தாளம் தெரியாதென்றால் அவளிடமே கற்றுக்கொள்ளுங்கள். அப்பாவுக்குத் தாளம் தப்புவதைத் திருத்துவதில் குழந்தைகளுக்கு இருக்கிற சந்தோஷமே தனி.

விருந்தாளி வந்ததும் "வீணை வாசிச்சுக் காட்டு" என்று சொல்லாதீர்கள். தேர்வு முடிந்த பிறகு ஒரு தொய்வு வரும், அரசுத் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கும், இலங்கையில் வட இலங்கைச் சங்கீத சபைத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்கும்தான். ஒரு வருஷம் அதே உருப்படிகளைத் தேய்த்துவிட்டு வருகிறார்கள். ஒரு மாதம் அவளுக்குப் பிடித்த சினிமாப் பாட்டை வாசிக்கவிடுங்கள். ஆசிரியர் கோபித்துக்கொண்டால் என்னைச் சொல்லுங்கள்.

வாசித்து என்ன பயன், கேட்க ஆளே இல்லையே?

வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். சின்ன இடம், கொஞ்சம் பேர், ஒலிபெருக்கி கிடையாது. அந்த நாளின் பெரிய வித்வான்களே கேட்கப் போவார்கள். அவர் வாசிப்பு எங்கே, நம் வாசிப்பு எங்கே, அந்த ஒப்பீட்டுக்கே நான் போகவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது கிழமையை. வாரத்தில் ஒரு மாலை, ஒரே நேரம், கேட்க ஒருவராவது இருக்க வேண்டும்.

என் மாணவர்களில் மூன்று பேர் வெள்ளிக்கிழமை ஏழரைக்கு வீடியோ அழைப்பில் கூடுகிறார்கள். ஆளுக்கு ஒரு உருப்படி. யாரும் யாரையும் திருத்தக் கூடாது என்பது விதி. ஒருவர் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறார், அதற்கும் தடை இல்லை. வெள்ளிக்கிழமை வருகிறதே என்ற பயத்திலேயே புதன், வியாழன் சாதகம் நடந்துவிடுகிறது.

இணையத்தில் பத்து வயதுப் பிள்ளைகள் வாசிப்பதைப் பார்த்தால் மனசு விட்டுப்போகிறது.

பார்க்காதீர்கள். குறைந்தபட்சம், வாசிக்க உட்காருவதற்கு முன் பார்க்காதீர்கள்.

சாதகம் செய்யாமல் வகுப்புக்குப் போகலாமா? ஆசிரியரிடம் என்ன சொல்வது?

போங்கள். "இந்த வாரம் வீணையைத் தொடவில்லை" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல், விருந்தாளி, கரண்ட் போய்விட்டது (வீணைக்கு எதற்குக் கரண்ட்?) எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். முதல் ஆவர்த்தனத்திலேயே தெரிந்துவிடும், ஒளிக்க முடியாது. வெட்கத்தால் ஒரு வகுப்பை விட்டவர் அடுத்த வகுப்புக்கு இரட்டை வெட்கத்தோடு வர வேண்டும். என்னிடம் நின்றுபோனவர்களில் பாதிப் பேர் நின்றது அப்படித்தான், வீணை பிடிக்காமல் இல்லை.

பல வருஷம் விட்டுவிட்டேன். மறுபடி தொடங்க முடியுமா?

நானே 11 வருஷம் விட்டவள். கல்யாணம், வேலை, இரண்டு குழந்தைகள். வீணை பரணில் இருந்தது. ஒரு சரஸ்வதி பூஜைக்கு முந்தைய நாள், கொலுவுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று இறக்கினேன். உறையைத் திறந்ததும் பழைய மெழுகு வாசனை. வீணையின் முனையில் செதுக்கிய யாளியின் வாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. இரண்டு தந்திகள் அறுந்து சுருண்டு கிடந்தன. பூஜையில் வைத்த வீணையை அன்றைக்கு வாசிக்கக் கூடாது, மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த ஒரு நாள் காத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ராத்திரி எல்லாம் விரல் தானாகத் தலையணையில் சரளி வாசித்தது.

மறுநாள் மீதி இருந்த தந்திகளில் வாசித்தேன். கோரம். வர்ணத்தின் பல்லவி பாதியில் மறந்துபோனது. ஆனால் எனக்கே ஆச்சரியமாக, யோசிக்காமல் விரலை விட்டபோது வந்தது, யோசித்தபோதுதான் நின்றது. விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள், அங்கே போனால் அவமானம்தான் மிஞ்சும். இரண்டு படி கீழே இறங்குங்கள். வர்ணத்தில் விட்டவர் அலங்காரத்திலும் கீதத்திலும் தொடங்கட்டும். எனக்கு மூன்று மாதத்தில் பழைய இடத்துக்குக் கை வந்துவிட்டது. உங்களுக்குக் கொஞ்சம் முன்பின் ஆகலாம்.

எல்லாம் செய்து பார்த்தேன். பிடிக்கவில்லை. விட்டுவிடலாமா?

விடலாம். ஆசிரியராக இருந்துகொண்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். பாட்டு பிடிக்கும், வீணைதான் பிடிக்கவில்லை என்று கண்டுபிடித்து, புல்லாங்குழலுக்குப் போய் ஜம்மென்று வாசிக்கிறவர் எனக்குத் தெரியும். நல்ல ரசிகராக மட்டும் இருந்துவிடுவதும் ஒரு வழிதான். சபாக்களில் முன்வரிசையில் ஆள் வேண்டாமா?

ஆனால் தொய்வில் இருக்கும்போது முடிவெடுக்காதீர்கள். மேளம் சரியாகி, புதுத் தந்தி போட்டு, பிடித்த உருப்படி ஒன்றை நாலு வாரம் வாசித்த பிறகு எடுங்கள். அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால் பிரடைகளைக் கொஞ்சம் தளர்த்தி, தந்தியை எண்ணெய்த் துணியால் துடைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அல்லது தெரிந்த பிள்ளை யாருக்காவது கடனாகக் கொடுங்கள். பரணில் மட்டும் ஏற்றாதீர்கள், குளவி வரும்.